மனு எந்த மேசையில் காத்திருக்கிறது? கணினிப் பதிவை எக்ஸெல் தாளுக்கு எடுத்துப் பார்த்த அனுபவம்



சென்ற பொதுக்குழுவில் ஒரு சகோதரர் எழுந்து, கல்வி உதவிக்கு மனுக் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் கிடைக்கும் என்று கேட்டார். மேடையில் இருந்த நாங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். காகிதங்கள் சரியாக இருந்தால் பத்து நாள் என்றார் ஒருவர். கமிட்டி முடிவெடுத்த மறுநாளே வங்கிக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார் பொருளாளர். வீட்டு விசாரணைக்குப் போகும் தம்பிகள், பட்டியல் எங்கள் கைக்கு வருவதே தாமதம் என்றார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பதிலும் அவருடைய கேள்விக்கான பதில் அல்ல.

கோபப்படாமல்தான் அவர் பேசினார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாம் உதவியது உண்மை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டணம் கட்டக் கடைசித் தேதி போன பிறகுதான் பணம் அவர் கணக்குக்கு வந்தது. அதற்குள் அவர் மனைவியின் வளையலை அடகு வைத்து வட்டிக்குப் பணம் வாங்கிக் கட்டிவிட்டார். வட்டியிலிருந்து நம் மக்களைக் காப்பது அறக்கட்டளையின் முதல் நோக்கங்களில் ஒன்று என்று ஆண்டறிக்கையில் அச்சடிக்கிறோம். நம்முடைய தாமதமே ஒரு குடும்பத்தை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

பதில் நம்மிடமே இருந்தது. மனுக்களைக் கணினியில் பதியத் தொடங்கி இரண்டு ஆண்டுகளாகின்றன. மனு வந்தது, ஆவணம் சரிபார்த்தது, வீட்டு விசாரணை, கமிட்டி, பணம் அனுப்பியது என்று ஒவ்வொரு படியிலும் அலுவலகத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், தேதி தானாகப் பதிவாகிறது. ஆனால் அந்தத் திரையில் ஒரு நேரத்தில் ஒரு மனுவைத்தான் பார்க்க முடியும். எல்லா மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அவற்றை வெளியே எடுத்து எக்ஸெல் போன்ற விரிதாளில் போட வேண்டும். அதைச் செய்தோம். செய்யும்போது இடறி விழுந்த இடங்கள் நிறைய. பிற மஹல்லாக்களில் பைத்துல்மால் நடத்துகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எந்தப் பட்டியலை எடுப்பது?

முதல் தவறு இங்கேதான். மென்பொருளில் கண்ணில் பட்ட முதல் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினோம். பெயர், உதவி வகை, தொகை, இப்போதைய நிலை, கடைசியாகத் திருத்திய தேதி என்று அழகான பட்டியல் வந்தது. அரை நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது, அது இன்றைய நிலையைக் காட்டும் படம் மட்டுமே. ஒரு மனு கமிட்டியில் இருக்கிறது என்று அது சொல்லும். கமிட்டிக்கு எப்போது வந்தது, அதற்கு முன் எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லாது. ஒவ்வொரு படி மாறும்போதும் புதுத் தேதி பழைய தேதியின் மேல் எழுதப்பட்டுவிடுகிறது.

நமக்கு வேண்டியது வரலாறு. பெரும்பாலான மென்பொருள்களில் அது வேறொரு மூலையில் மாற்றப் பதிவு, நடவடிக்கைப் பதிவு என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். அதில் ஒரு மனுவுக்கு ஒரு வரி அல்ல, ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. ஐந்து படிகளைக் கடந்த மனுவுக்கு ஐந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விவரங்கள் கட்டாயம் வேண்டும்: மனு எண், என்ன நடந்தது, எந்தத் தேதியில். இந்த மூன்றும் இருந்தால் போதும், மற்றவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் வேலை ஓட்டத்தை ஆராய்வதும் இந்த மூன்று நிரல்களை அடிப்படையாக வைத்துத்தான்.

தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் மூத்த உறுப்பினர் இதைப் பார்த்துச் சிரித்தார். அரசு அலுவலகங்களில் எழுத்தர்கள் வைத்திருக்கும் தன் பதிவேடும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றார். எந்தக் கடிதம் எப்போது வந்தது, எப்போது எங்கே அனுப்பப்பட்டது என்று அதில் வரி வரியாக இருக்கும். எனவே கணினியே இல்லாத அறக்கட்டளையும் நோட்டுப் புத்தகத்தில் இந்த மூன்றையும் எழுதிவந்தால், ஒரு விடுமுறை நாளில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து விரிதாளில் ஏற்றிவிடலாம்.

கோப்பைத் திறந்ததும்

எக்ஸ்போர்ட் செய்தால் பெரும்பாலும் சி.எஸ்.வி. என்ற வகைக் கோப்பு வரும். விவரங்களுக்கு நடுவே காற்புள்ளி போட்ட வெறும் எழுத்துக் கோப்பு அது, வேறொன்றுமில்லை. அதை இரண்டு முறை சொடுக்கி எக்ஸெலில் நேராகத் திறக்காதீர்கள். நாங்கள் திறந்தோம். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோடும் புள்ளியுமாகக் கிறுக்கலாகத் தெரிந்தன. கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்தோம். கெடவில்லை. யு.டி.எஃப்-8 என்ற முறையில் எழுதிய தமிழை எக்ஸெல் வேறு முறையில் படித்துவிட்டது, அவ்வளவுதான். முதலில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பட்டியலில் எழுத்துக் கோப்பிலிருந்து எடு என்ற வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். அங்கே கோப்பின் எழுத்து முறை என்ன என்ற கேள்வி வரும். யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாக வரும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறது. எங்களுக்கு அதுவே எளிதாகப் பட்டது.

அந்த வழியில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸெல் நம்மைக் கேட்காமலே சில விவரங்களைத் திருத்திவிடும். எங்கள் மனு எண்கள் 5/24, 6/24 என்று இருக்கும். 2024இன் ஐந்தாவது மனு என்று பொருள். எக்ஸெல் அதை மே மாதத் தேதியாக்கிவிட்டது. இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போல இருந்த சில மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. நாங்கள் மனு எண்ணை மாற்றவில்லை, அந்த நிரலை எழுத்து என்று குறித்தோம்.

வங்கிக் கணக்கு எண் இதைவிட ஆபத்தானது. எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் காணாமல் போகும். அந்தத் தாளிலிருந்து கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாட்களை எண்ணும் வேலைக்குக் கணக்கு எண் தேவையே இல்லை. எனவே அந்த நிரலை எக்ஸ்போர்ட்டில் சேர்க்காமல் விடுவதே சரி.

இனி தேதி. எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். 05/06/2024 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மே 6. கணினி பிழை என்று கத்தாது, பேசாமல் தவறாக எடுத்துக்கொள்ளும். 13/06/2024 வரும்போது பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, ஒரே நிரலில் பாதி தவறான தேதி, மீதி தேதியே அல்ல. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாம் எதையும் மாற்றாதவரை தேதியும் எண்ணும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரு நிரலில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் அங்கே கோளாறு இருக்கிறது. உள்ளே கொண்டுவரும்போதே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மென்பொருளில் தேதியை 2024-06-05 என்று ஆண்டு முதலில் வரும்படி எக்ஸ்போர்ட் செய்ய வசதி இருந்தால் அதுவே சிறந்தது. அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

கடைசியாக, மென்பொருள் காட்டும் மொத்த வரிகளும் தாளில் வந்த வரிகளும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் விடுபட்டுப் போனது. 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய வகை எக்ஸெல் கோப்பைப் பயன்படுத்தியதே காரணம். நம்மிடம் அவ்வளவு வரிகள் இல்லை. ஆனால் நாங்கள் எடுத்த முதல் கோப்பில் திரையில் தெரிந்த முதல் பக்கம் மட்டுமே வந்திருந்தது. எண்ணிப் பார்த்திராவிட்டால் தெரிந்திருக்காது.

கழித்துப் பார்த்தல்

இனிக் கணக்கு, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கழித்தல்தான். வரி வரியாக இருக்கும் வரலாற்றை மனுவுக்கு ஒரு வரியாக மடக்க வேண்டும். பிவட் டேபிள் என்ற வசதி அதைச் செய்யும். இடப்பக்கம் மனு எண், மேலே படிகளின் பெயர், நடுவில் தேதி. நடுவில் உள்ளதைக் கூட்டாமல், மிகச் சிறியது என்ற தேர்வை வைத்தால் ஒவ்வொரு படிக்கும் முதன்முதலில் வந்த தேதி கிடைக்கும். முதலில் நாற்பத்தையாயிரத்துச் சொச்சம் என்று ஏதோ எண்கள் தெரியும். எக்ஸெல் தேதியை 1900ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கட்டங்களைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

புரிவதற்காக ஒரு கற்பனை மனுவை எடுத்துக்கொள்வோம். ஜூன் 3 மனு வந்தது. ஜூன் 6 ஆவணங்கள் சரிபார்த்தாயிற்று. ஜூன் 21 வீட்டு விசாரணை. ஜூலை 7 கமிட்டி. ஜூலை 9 பணம் அனுப்பப்பட்டது. மொத்தம் 36 நாள். அதைப் பிரித்தால் 3, 15, 16, 2. உண்மையில் நடந்த வேலை எவ்வளவு? ஆவணம் பார்க்க அரை மணி, வீட்டில் போய்ப் பேச ஒரு மணி, கமிட்டியில் பத்து நிமிடம். மீதி நாட்களெல்லாம் மனு யாருக்காகவோ காத்திருந்தது. பொதுக்குழுவில் ஆளுக்கொரு பதில் வந்ததன் ரகசியம் இதுதான். ஒவ்வொருவரும் தன் வேலைக்கு ஆகும் நேரத்தைச் சொன்னோம். இரண்டு பேருக்கு நடுவில் மனு கிடந்த நாட்கள் எவருடைய கணக்கிலும் இல்லை.

வார விடுமுறையை நீக்கிக் கணக்கிட விரும்பினால் நெட்வொர்க்டேஸ் என்ற வாய்ப்பாடு இருக்கிறது. ஆனால் அது சனியும் ஞாயிறும் விடுமுறை என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்துக்கு வெள்ளிதான் விடுமுறை. அதே வாய்ப்பாட்டின் விரிந்த வடிவத்தில் விடுமுறைக் குறியீடாக 16 என்று கொடுத்தால் வெள்ளியை மட்டும் கழிக்கும். இதைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டோம். கல்லூரியின் கடைசித் தேதி நம் வெள்ளிக்கிழமையைப் பார்ப்பதில்லை. காத்திருப்பவருக்கு எல்லா நாளும் நாள்தான்.

சராசரியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஐந்து மனுக்கள் 6, 8, 9, 11, 71 நாட்கள் எடுத்தன என்று வையுங்கள். சராசரி 21 நாள். ஆனால் அந்த ஐந்து பேரில் எவருக்கும் 21 நாள் ஆகவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 9 நாள். பள்ளிப் பாடத்தில் இடைநிலை அளவு என்று படித்தது இதுதான். வழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்பதற்கு 9 என்பதே நேர்மையான பதில். அதோடு விட்டுவிடவும் கூடாது. 71 நாள் காத்தவர் யார், ஏன் என்று அந்த மனுவைத் தனியே திறந்து படிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பாடங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மனுக்களிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு ஏமாற்றம் நுணுக்கமானது. பணம் அனுப்பி முடிந்த மனுக்களை மட்டும் கணக்கில் எடுத்தால் முடிவு நன்றாகவே இருக்கும். ஏனென்றால் மிக மோசமாகத் தாமதமானவை இன்னும் முடியவில்லை, அவை கணக்குக்குள்ளேயே வரவில்லை. எனவே முடியாத மனுக்களுக்கு இன்றைய தேதிவரை எத்தனை நாள் என்று தனியாக ஒரு பட்டியல் எடுங்கள். எங்கள் முதல் தாளில் இதை விட்டுவிட்டு, நம் வேலை பரவாயில்லை என்று ஒருநாள் மகிழ்ச்சியாக இருந்தோம்.

தாள் காட்டியது என்ன?

வீட்டு விசாரணைதான் பெரிய தேக்கம் என்று தெரிந்தது. போகிறவர்கள் வேலைக்குச் செல்லும் தம்பிகள், ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு நேரம். அந்த ஞாயிறு ஒரு திருமணம் வந்தால் இன்னொரு வாரம். அடுத்த தேக்கம் மாதம் ஒருமுறை கூடும் கமிட்டி. விசாரணை அறிக்கை கமிட்டி கூடிய மறுநாள் வந்தால் அது முழு மாதம் காத்திருக்கும். இரண்டும் ஓரளவு எதிர்பார்த்தவைதான்.

எதிர்பாராதது விதவைகளின் மனு. உதவி வகையைப் பிரித்து அதே கணக்கைப் போட்டபோது, வீட்டு விசாரணைக்கு முன்பே, ஆவணச் சரிபார்ப்பிலேயே விதவைகளின் மனுக்கள் நெடுநாள் கிடந்தது தெரிந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கிடைக்கத் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தோம். சில மனுக்களில் அதுதான் காரணம். ஆனால் மனுக்களைத் திறந்து படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. மனுதாரர் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையொப்பமிட்டால்தான் ஆவணம் முழுமையானது என்று எப்போதோ ஒரு விதி வைத்திருக்கிறோம். கணவரை இழந்த சகோதரி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவர். எப்படி வருவார்? உதவி மிகவும் தேவைப்படும் காலத்தில், நாமே போட்ட ஒரு விதியால் அவருடைய மனு அலுவலகத்தில் கிடந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் எவரும் புகார் சொல்லவில்லை. புகார் சொல்ல வருவதற்கும் அவர் வெளியே வர வேண்டுமே.

அந்த விதி இப்போது இல்லை. மகளிர் அணியைச் சேர்ந்த இரு சகோதரிகள் வீட்டுக்கே போய்க் கையொப்பம் வாங்குகிறார்கள், விசாரணையும் அப்போதே முடிந்துவிடுகிறது. கல்வி மனுக்களில் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்று ஒரு புதிய நிரல் சேர்த்து, அந்தத் தேதி நெருங்குபவற்றை மாதக் கூட்டத்துக்குக் காத்திராமல் மூன்று உறுப்பினர்கள் கலந்து முடிவு செய்து, கமிட்டியில் பிறகு ஒப்புதல் பெறுகிறோம்.

தாளுக்குத் தெரியாதவையும் உண்டு. பதியும் சகோதரர் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரு வார வேலையை ஒரே மூச்சில் ஏற்றினால், எல்லாப் படிகளும் ஒரே நாளில் நடந்ததாகக் காட்டும். ஒரே தேதி வரிசையாக வந்தால் அது வேகம் அல்ல, சோம்பல். அதேபோல் ஒரு மனு ஆவணக் குறையால் திரும்பிப் போய் மனுதாரரிடம் இருந்த நாட்களையும் நம் மேசையில் இருந்த நாட்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்பி அனுப்பியது, மீண்டும் வந்தது என்று இரண்டு படிகளைப் புதிதாகச் சேர்த்த பிறகுதான் அது முடிந்தது. அப்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. சில மனுக்களை மூன்று முறை திருப்பியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காகிதம் கேட்டு. என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் வருமானச் சான்றுக்கு ஒருநாள் கூலியை விட்டு இ-சேவை மையத்துக்குப் போனவர் இருப்பிடச் சான்றுக்கும் அன்றே விண்ணப்பித்திருப்பார்.

எந்தத் தம்பி எத்தனை நாள் தாமதம் செய்தார் என்று பெயர்வாரியாகவும் ஒரு பட்டியல் போட்டோம். கமிட்டியில் வைப்பதற்கு முன் அதை அழித்துவிட்டோம். சம்பளம் இல்லாமல் அல்லாஹ்வுக்காக ஓடுகிறவர்களை வரிசைப்படுத்தி நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. அதைவிட, அப்படி ஒரு பட்டியல் வரும் என்று தெரிந்தால் அடுத்த மாதமே தேதிகள் எல்லாம் அழகாகிவிடும், மனுக்கள் அப்படியே கிடக்கும்.

வெளியே எடுத்த கோப்பு

மென்பொருளுக்குள் இருக்கும்வரை கடவுச்சொல் காவல் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த கோப்புக்கு அது இல்லை. யாருக்கு நோய், யார் வீட்டில் கடன், யார் ஜகாத் வாங்குகிறார் என்ற விவரமெல்லாம் ஒரு சொடுக்கில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும், போனால் திரும்பாது. அந்த மனிதர் அதே பள்ளிவாசலில் நம் பக்கத்தில் நின்று தொழுகிறவர். அவர் தந்த விவரம் நம்மிடம் அமானிதம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டுமே கையாளச் சொல்கிறது. நாட்களை எண்ணுவதற்குப் பெயர், தொலைபேசி, முகவரி, ஆதார், வங்கிக் கணக்கு எதுவும் தேவையில்லை. மனு எண், உதவி வகை, படி, தேதி, கல்வி மனுவானால் கடைசித் தேதி. இவற்றை மட்டும் எடுக்கிறோம். எக்ஸெலில் நிரலை மறைத்துவைப்பது பாதுகாப்பு அல்ல, யாரும் ஒரு சொடுக்கில் திறந்துவிடலாம். வேண்டாத நிரலை எக்ஸ்போர்ட் செய்யும்போதே விட்டுவிடுவதுதான் வழி. வேலை முடிந்ததும் அலுவலகக் கணினியில் ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொண்டு, பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் உள்ளதை அழித்துவிடுகிறோம்.

இப்போது ஒவ்வொரு மாதமும் கமிட்டி கூடுவதற்கு முந்தைய நாள் இந்தத் தாளை எடுக்கிறோம். அரை மணிக்கு மேல் ஆவதில்லை. கூட்டத்தில் முதலில் படிப்பது வரவு செலவு அல்ல, முடியாத மனுக்களின் பட்டியல், அதிக நாள் காத்திருப்பது மேலே வரும்படி. வீட்டு விசாரணைத் தேக்கம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. வார நாட்களில் மாலை நேரம் ஒதுக்கக் கூடிய சகோதரர்கள் முன்வந்தால் இன்ஷா அல்லாஹ் அதுவும் குறையும்.

நாங்கள் பயன்படுத்தும் தாளின் வெற்று மாதிரி அலுவலகத்தில் இருக்கிறது. பிற மஹல்லா நிர்வாகிகள் அஸர் தொழுகைக்குப் பின் வந்தால் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் மனுப் பதிவேட்டிலிருந்து பத்து மனுக்களின் எண்களையும் தேதிகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், பெயர்கள் வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.